பிளக் இல்லாத ரம்பம்

பிளேடு மாற்றும்போது பிளக் என் ஜேபியில் இருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கு நடுவில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

இரண்டு பேர் என்றால் நானும் என் அக்கா வீட்டுக்காரரும். மாமா என்று கூப்பிடுவேன். பதினெட்டு வருஷமாக ஒன்றாக வேலை செய்தோம். இடிக்கப்போகிற வீட்டில் புகுந்து ஜன்னல், கதவு, நிலை, கிரில், பைப் எல்லாவற்றையும் சேதமில்லாமல் கழற்றி எடுப்பது எங்கள் வேலை. பெங்களூரில் இந்த வேலைக்குப் பஞ்சம் வந்ததில்லை. ஈஜிபுரா, அடுகோடி என்று எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் ஒரு மாடி வீட்டைத் தட்டிவிட்டு நாலு மாடி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் சாமானைக் காலி செய்த நாளுக்கும் ஜேசிபி வந்து வாசலில் நிற்கிற நாளுக்கும் நடுவில் எங்களுக்கு இரண்டு நாள் கிடைக்கும். மூன்று நாள் கிடைத்தால் அன்றைக்குப் பிரியாணி.

நிலை என்பது சும்மா சுவரில் சாய்ந்து நிற்பதில்லை. பக்கத்துக்கு மூன்று இரும்புப் பட்டை வைத்துச் சுவருக்குள் புதைத்துப் பூசியிருப்பார்கள். உளியும் சுத்தியலும் வைத்து எடுத்தால் அரை நாள் போகும், மரமும் பிளக்கும், பிளந்த நிலையை எந்தக் கடைக்காரனும் தொடமாட்டான். ரம்பம் இருந்தால் நிலைக்கும் சுவருக்கும் நடுவில் பிளேடை விட்டுப் பட்டையை அறுத்துவிடலாம். நான் சொல்வது கை ரம்பம் இல்லை. துப்பாக்கி மாதிரிப் பிடித்துக்கொள்கிற மெஷின். மூக்கில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும், முன்னும் பின்னும் குத்திக் குத்தி அறுக்கும். கடையில் ரெசிப்ரோ என்பார்கள். எங்களுக்கு வெறும் மெஷின்.

மெஷின் மாமா கையில். நிலையைத் தாங்கிப் பிடிப்பது, பிளேடு மாற்றுவது, கவலைப்படுவது மூன்றும் என் வேலை.

கவலை எனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. எட்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை அன்று பயந்துபோய்ப் பாதி வழியில் திரும்பி வந்தவன், மறுநாளும் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. என் படிப்பு அப்படித்தான் முடிந்தது. வேலைக்கு வந்த பிறகு கவலைக்கு இன்னும் நல்ல தீனி. மேலே டேங்கில் தண்ணீர் இருக்கிறதா, சுவருக்குள் எங்காவது இன்னும் கரண்ட் ஓடுகிறதா, கிரில்லை எடுத்தால் ஜன்னல் மேல் இருக்கிற லிண்டல் காங்கிரீட் இறங்குமா, கேட்டைப் பூட்டினோமா. மாமா எதற்கும் கவலைப்பட மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பட்டுவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

பிளக் சட்டம் இப்படி வந்தது. இடிக்கப்போகிற வீட்டில் மீட்டரை முன்னாடியே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பக்கத்து வீட்டிலிருந்து நீள வயர் போட்டு கரண்ட் எடுப்போம். பிளக் ஒரு வீட்டில், நாங்கள் ஒரு வீட்டில். நான் பிளேடில் கை வைத்திருக்கிற நேரம் அந்த வீட்டில் யாராவது போகிறபோக்கில் சுவிட்சைத் தட்டினால்? இந்த நினைப்பு வந்த நாளிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. அதனால் வயரை வெட்டி நடுவில் ஒரு இணைப்பு வைத்தேன். பிளேடு மாற்றும் முன் அந்த இணைப்பைப் பிடுங்கி, மெஷின் பக்கத்துப் பிளக்கை என் சட்டை ஜேபியில் செருகிக்கொள்வேன். மாமா மெஷினைத் தொடை மேல் வைத்துக்கொண்டு "எங்க?" என்பார். "ஜேபில" என்பேன். அப்புறம்தான் பிளேடைத் தொடுவேன். ஒரு நாளைக்கு இருபது தடவை எங்க, ஜேபில, எங்க, ஜேபில.

"எல்லாருக்கும் உசுரு நெஞ்சுக்குள்ள இருக்கும்" என்று மாமா டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். "எங்க மச்சானுக்கு மட்டும் சட்ட ஜேபில."

சிரித்தாலும் ஒரு தடவைகூட "எங்க?" கேட்காமல் விட்டதில்லை.

மாமாவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஷின் அறுத்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று "ஆணி" என்பார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, சத்தம்கூட மாறியிருக்காது. அவர் நிறுத்திவிட்டுப் பிளேடை ஒரு விரல்கடை தள்ளி விடுவார். பிறகு நிலையை எடுத்துப் பார்த்தால் சொன்ன இடத்தில் ஆணி இருக்கும். மரமா, இரும்பா, காரையா என்று அவர் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். மற்ற ஆட்கள் ஒரு வீட்டுக்கு ஒரு டஜன் பிளேடு உடைத்தால் நாங்கள் மூன்று உடைப்போம். எங்களைத் தேடி வேலை வந்ததே அந்தக் கையால்தான். அந்தக் கை ஓடுகிறவரைக்கும் இரண்டு குடும்பமும் ஓடும். இதை நாங்கள் வாயால் பேசிக்கொண்டதில்லை.

போன வருஷம் கரண்ட் பிரச்சினை ஆரம்பித்தது. பக்கத்து வீடுகளில் கேட்டால் கொடுக்க மறுத்தார்கள். ஒரு அம்மா கேட்டைக்கூடத் திறக்கவில்லை. "கரண்ட் எல்லா கொடல்லா ரீ. ஹோத சல பில் ஜாஸ்தி பந்து." போன தடவை யாரோ இழுத்ததில் அவர்கள் வீட்டு பில் எகிறிவிட்டதாம். அது நாங்கள் இல்லை என்று மாமா கன்னடத்தில் அரை மணி நேரம் கெஞ்சினார். அன்றைக்கு உளியில்தான் வேலை செய்தோம். நாலு நிலையில் இரண்டு பிளந்தது. சாயங்காலம் மாமா கையை உதறிக்கொண்டே சொன்னார்: "பேட்டரி மெஷின் ஒன்னு பாருடா. நீதான் எதையும் அலசுவியே."

அலசினேன். ஒரு மாசம் அலசினேன். போனில் வீடியோவாகப் பார்த்தேன். பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ். புரிந்ததைக் கையில் கிடைத்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். பிளேடு எவ்வளவு நீளம் முன்னே பின்னே போகிறது, அதிகம் போனால் சீக்கிரம் அறுக்கும், ஆனால் உதறலும் அதிகம். மோட்டாரில் கார்பன் பிரஷ் இருப்பது மலிவு, இல்லாதது விலை, ஆனால் பேட்டரி நீடிக்கும். பிளேடு மாற்ற சாவி வேண்டுமா, கையால் திருகினால் போதுமா. எடை. எங்களிடம் ஏற்கெனவே ஒரு பேட்டரி டிரில் இருந்தது. அதே பேட்டரி இதற்கும் சேர்ந்தால் வெறும் மெஷினை மட்டும் வாங்கலாம், பேட்டரி காசு மிச்சம். மலிவானதை வாங்கி அது ஆறு மாசத்தில் செத்தால்? விலையானதை வாங்கி அது திருடு போனால்? பேட்டரி வெடித்தால்? மழையில் நனைந்தால்?

"பொண்ணு பாக்கறதுக்குக்கூட உனக்கு இத்தன நாள் ஆவல" என்றார் மாமா.

"பொண்ணு பிடிக்கலன்னா அவ திட்டுவா. இது விரல எடுக்கும் மாமா."

இப்படி நானே சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கடைசியில் எஸ்.பி. ரோட்டில் ஒரு சந்துக்குள் இருக்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பாய். தமிழ் நன்றாகப் பேசுவார், நடுநடுவே அவர்கள் வீட்டு உருது வந்து விழும். நான் தனியாகத்தான் போனேன். மாமா வந்தால் முதலில் கையில் எடுத்ததையே வாங்கிவிடுவார் என்று பயம்.

பாய் மூன்றை மேஜை மேல் வைத்தார். ஒன்று பெயரே இல்லாதது, இரண்டு பேட்டரி இலவசம். அதைத் தூக்கியதுமே கைப்பிடி கிறீச்சென்றது, கீழே வைத்துவிட்டேன். இன்னொன்று பெரிய கம்பெனி. பதினாறாயிரம். அதன் டிரிகரைச் சும்மா இழுத்தால் இழுபடாது. பக்கவாட்டில் ஒரு பட்டன் இருக்கிறது, அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு இழுத்தால்தான் ஓடும். டிரிகரும் கொஞ்சம் கெட்டி. மூன்றாவது நடுத்தரம். எங்கள் டிரில் பேட்டரி அதற்கு அப்படியே மாட்டியது. ஆறாயிரத்துச் சொச்சம். பூட்டுப் பட்டன் கிடையாது.

"இது சாஃப்ட் அண்ணா" என்றார் பாய். "வெரல வச்சா போதும், ஓடும். நாள் பூரா புடிச்சாலும் கை நோவாது. அந்தப் பெரிய மெஷின்ல பட்டன அழுத்தி அழுத்தி கட்டவெரலு போயிரும்."

எனக்கு மாமா ஞாபகம் வந்தது. அந்த வருஷம் முழுக்க, காலையில் பைக்கில் வரும்போது விரலை மடக்கி மடக்கி விரிப்பார். "மரமரன்னு இருக்குடா, பனி" என்பார். விரல் வலிக்கிறது போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். வலிக்கிற விரலுக்குக் கெட்டியான டிரிகர் எதற்கு, லேசானதே நல்லது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த நேரத்தில் என் கண் விலைச்சீட்டின் மேல் இருந்தது என்பதும் உண்மை. மாமாவுக்காகப் பணம் மிச்சமானதா, பணத்துக்காக மாமாவைச் சாக்கு சொன்னேனா, இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"கவலை நக்கோ அண்ணா, கவல வேணாம்" என்று பாய் சிரித்தார். "எடுத்துட்டுப் போங்க."

மாமாவுக்கு மெஷின் ரொம்பப் பிடித்துவிட்டது. முதல் வீட்டில் குழந்தை மாதிரி அறை அறையாகத் தூக்கிக்கொண்டு திரிந்தார். வயர் இல்லை, காலில் சிக்கவில்லை, யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டாம். ஒன்றரை நாளில் எட்டு நிலை எடுத்தோம்.

சட்டம்தான் சிக்கலாயிற்று. பிளக் இல்லை, ஜேபியில் எதைப் போடுவது? பேட்டரியைக் கழற்றிப் போடலாம் என்றேன். பேட்டரி செங்கல்லில் பாதி இருக்கும், சட்டை ஜேபியில் நுழையாது. பேண்ட் ஜேபியில் திணித்தேன், குனிய முடியவில்லை. அதோடு அந்தப் பேட்டரி கொஞ்சம் இறுக்கம். இரண்டு பக்கமும் கட்டைவிரல் கொடுத்து அமுக்கி இழுத்தால்தான் வரும். பிளேடு மாற்றுவதோ, மூக்கில் இருக்கிற வளையத்தைத் திருகினால் போதும், எண்ணி அஞ்சு வினாடி. முதல் வீட்டில் ஒவ்வொரு தடவையும் பேட்டரியைக் கழற்றினேன். இரண்டாவது வீட்டில் மாமா சலித்துக்கொண்டார்.

"கழட்டிக் கழட்டி மாட்டுனா அது லூசாயிடும்டா. கரண்ட்டு எங்கயோ பக்கத்து வூட்ல இருந்து வருது, எவனோ சுவிட்ச தட்டுவான்னு பயந்த. சரி. இதுல எவன் தட்டுவான்? மெஷின் என் கையில இருக்குது. நான் தட்டுவனா?"

மாமா தட்டமாட்டார். மாமாவை நம்பாமல் யாரை நம்புவது? "எங்க?" என்று அவர் கேட்பதும், "ஜேபில" என்று நான் சொல்வதும் அந்த வீட்டோடு நின்றுபோனது. நின்றது எனக்குத் தெரியவும் இல்லை.

இன்னொன்றும் நின்றிருந்தது. மாமா "ஆணி" என்று சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. வீட்டுக்கு மூன்று பிளேடு போய் எட்டு, ஒன்பது உடைந்துகொண்டிருந்தது. டூப்ளிகேட் பிளேடு என்று நான் கடை மாற்றினேன். மறுபடியும் உடைந்தது. மறுபடியும் கடை மாற்றினேன். டேங்குக்கும் லிண்டலுக்கும் கவலைப்பட்டவன் இதற்கு ஒரு நாள்கூடக் கவலைப்படவில்லை.

நாலாவது வீடு அடுகோடியில். பின்கட்டில் ஒரு பெரிய ஜன்னல், பர்மா தேக்கு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதைத்தான் ஆரம்பித்தோம். மாமா இரண்டு பட்டையை அறுத்துவிட்டார். மூன்றாவதில் பிளேடு ஆணியில் ஏறி வளைந்தது. மெஷினை வெளியே இழுத்து, குந்தி உட்கார்ந்து, தொடை மேல் வைத்து மூக்கை என் பக்கம் திருப்பினார், எப்போதும் போல. நான் இடது கையால் வளைந்த பிளேடைப் பிடித்துக்கொண்டு வலது கையால் வளையத்தைத் திருகினேன்.

"அந்த நிலைய பாத்தியா, என்னா மரம்" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பார்வை ஜன்னல் மேல் இருந்தது.

மெஷின் ஓடியது.

ஒரு நொடிகூட இருக்காது. வலி தெரியவில்லை. என் கையிலிருந்து தூசியைத் தட்டுகிற மாதிரி ஏதோ தட்டியது. பார்த்தால் நடுவிரலும் மோதிர விரலும் உள்பக்கம் திறந்திருந்தன. மாமா மெஷினைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் தோளில் இருந்த துண்டால் என் கையை உருட்டிக் கட்டினார். "நான் தொடல. மச்சான், மாதா சத்தியமா நான் தொடலடா. தானா ஓடிச்சு. தானா ஓடிச்சுடா." ஆட்டோவில் போகிற வழியெல்லாம் இதையேதான் சொன்னார். எனக்கு ஆறுதல் சொல்ல மறந்துபோய், சத்தியம் மட்டும் செய்துகொண்டு வந்தார்.

மோதிர விரலுக்குத் தையலோடு போயிற்று. நடுவிரலை மடக்குகிற நார் அறுந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். சேர்த்துத் தைத்தார்கள். ஒட்டினாலும் முன்னே மாதிரி மடங்காது என்றும் சொன்னார். மடங்கவில்லை. இப்போது எதைப் பிடித்தாலும் அந்த ஒரு விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது.

பதினைந்து நாள் கழித்து, கட்டோடு மாமாவும் நானும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். கடைக்குள் நுழையும்போதே மாமா குரலை உயர்த்திவிட்டார்.

"என்னா பாய், ஆளக் கொல்ற மெஷினுக்கு வாரண்டி வேற குடுக்குறீங்களா? பாருங்க இவன் கைய. தானா ஓடுது உங்க மெஷினு."

கடையில் டிரில் பிட் வாங்க வந்த ஒருத்தர் விலகி நின்றார். பாய் என் கட்டைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. "யா அல்லா" என்று சொல்லிவிட்டு மெஷினை வாங்கி, மூக்கில் பிளேடு இல்லை என்று பார்த்துக்கொண்டு, பேட்டரியை மாட்டினார். மேஜை மேல் வைத்துத் தட்டினார். குலுக்கினார். தலைகீழாகப் பிடித்தார். கட்டையால் இடித்தார். மெஷின் ஊமையாக இருந்தது.

"தானா ஓடல அண்ணா."

"நீங்க தட்டுனா ஓடுமா? என் கையில இருக்கும்போதுதான் ஓடுச்சு."

"சரி. எப்டி புடிச்சிருந்தீங்களோ அப்டியே புடிங்க."

மாமா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மெஷினைத் தொடை மேல் வைத்தார். "இப்டித்தான் உக்காந்திருந்தேன். மூக்கு இவன் பக்கம். கை கைப்பிடில. இவன் வளையத்தத் திருகுறான், நான் அந்தப் பக்கம் ஜன்னலப் பாத்து..."

மெஷின் ஓடியது. பிளேடு இல்லாத மூக்கு கடகடவென்று முன்னும் பின்னும் அடித்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா பாய்! நான் தொடல, தானா ஓடுது பாருங்க!"

மாமா பாயின் முகத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்ட முகம். நான் அவர் கையைப் பார்த்தேன். பாயும் அதைத்தான் பார்த்தார். டிரில் பிட் வாங்க வந்தவரும் பார்த்தார். மாமாவின் ஆள்காட்டி விரல் டிரிகர் மேல் இருந்தது. சும்மா இல்லை, முழுசாக அழுத்திக்கொண்டிருந்தது, நகம் வெளுத்துப்போகிற அளவுக்கு.

மெஷின் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணா" என்றார் பாய், ரொம்ப மெதுவாக. "கீழ பாருங்க."

மாமா குனிந்து பார்த்தார். பார்த்த பிறகுதான் விரல் விலகியது. மெஷின் நின்றது.

அவர் அந்த விரலை அடுத்தவர் விரல் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மறுபடி விரலை வைத்தார். ஓடியது. எடுத்தார். நின்றது. மறுபடி வைத்தார். மூன்று தடவை. அதற்கப்புறம் மெஷினை மேஜை மேல் வைத்தார், உடைந்துவிடப் போகிற சாமானை வைக்கிற மாதிரி.

பாய் பேட்டரியைக் கழற்றித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். உள்ளே போய் அந்தப் பதினாறாயிரம் ரூபாய் மெஷினை எடுத்து வந்தார். "இது லாக் உள்ளது. பட்டன் அழுத்தாம ஓடாது. இதப் புடிச்சிப் பாருங்க" என்றார்.

மாமா வாங்கினார். கட்டைவிரல் பக்கவாட்டில் பட்டனைத் தேடியது. பட்டனைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டிப் போனது. மெஷினைத் திருப்பிக் கண்ணால் பட்டனைப் பார்த்துக்கொண்டு அழுத்தினார், டிரிகரை இழுத்தார், ஓடியது. நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தி இன்னொரு தடவை முயன்றார். கட்டைவிரல் மறுபடி வழி தவறியது. இடுக்கில் பிளேடை விட்டு நிலையைப் பார்க்கிற ஆள் பட்டனை எப்படிப் பார்ப்பது? அது அவருக்கும் தெரிந்தது.

"இந்தா" என்று என்னிடம் நீட்டினார். "நீயே புடி."

பதினெட்டு வருஷத்தில் அவர் மெஷினை என் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை. வலது கையால் வாங்கினேன். பாய் பழையதை எடுத்துக்கொண்டு அதைக் கொடுத்தார். மேலே கொடுத்த பணத்தைப் பற்றிச் சொல்ல விருப்பமில்லை. முதல் நாளே கொடுத்திருக்க வேண்டியது.

வீட்டுக்குப் போனதும் அக்கா கேட்டாள். "என்னா சொன்னாரு கடக்காரரு?"

"மெஷின் கம்ப்ளைண்ட்டு" என்றார் மாமா. "மாத்திக் குடுத்துட்டாரு." என்னைப் பார்த்தார்.

"ஆமாக்கா" என்றேன்.

மாமா குளிக்கப் போனார். அக்கா எனக்குக் காபி கொண்டு வந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும்வரை பொறுத்திருந்தாள்.

"ஒரு வருஷமா தோசக்கல்ல துணியில்லாம தூக்குறாரு" என்றாள். "சூடா இருக்குன்னு நான் கத்துனப்புறம்தான் கீழ வைக்கிறாரு. சட்டப் பட்டன் நான்தான் போட்டு விடுறேன். நீ நாள் பூரா பக்கத்துலயே இருக்கிறியே, பாக்கல?"

நான் காபியைத் தள்ளி வைத்தேன்.

"நீ ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா?" என்றாள். "சொன்னா அவர வேலைக்குக் கூட்டினு போயிருப்பியா நீ? ஒரு ஆணி கீழ விழுந்தாலே பத்து நாள் தூங்கமாட்ட."

உண்மைதான். கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டேன். அப்படியென்றால் என் பயம் தெரிந்துதான் அவளும் வாயைத் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை. எல்லாருக்கும் சேர்த்து நான் கவலைப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் இரண்டு பேர் என் கவலையைப் பார்த்துப் பயந்துகொண்டு ஒரு கை சாவதை மறைத்து வைத்திருந்தார்கள்.

மாமா கையை அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டினோம். வருஷக்கணக்காக உதறுகிற மெஷின் பிடித்தால் இப்படி ஆகும், நரம்பு செத்திருக்கிறது, இனி மெஷின் பிடிக்காதீர்கள், இருக்கிறதாவது மிஞ்சும் என்றார்கள். திரும்ப வருமா என்று நான் கேட்டேன். டாக்டர் அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டார்.

மாமா வேலைக்கு வருகிறார். வீட்டில் உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார், உட்காரச் சொல்ல எனக்கும் வாயில்லை. மெஷின் என்னிடம். இடது கை நடுவிரல் நீட்டிக்கொண்டு நிற்க, மற்ற விரல்களால் பிடித்து அறுக்கிறேன். எனக்கு ஆணி தெரிவதில்லை. பிளேடு உடைகிறது. முன்னே எட்டு நிலை எடுத்த நேரத்தில் நாலு எடுக்கிறோம். எங்களைத் தேடி வந்த வேலையில் பாதி வேறு ஆட்களுக்குப் போய்விட்டது.

நிலையைத் தாங்கிப் பிடிப்பது இப்போது மாமா. பிளேடு உள்ளே போகிற இடுக்குக்குப் பக்கத்தில் அவர் கை. என் பழைய கவலையெல்லாம் போய் ஒரே ஒரு கவலை மிச்சம். அந்தப் பக்கம் நிற்கிறவர் கை என் கண்ணுக்குத் தெரியாது, சுவர் மறைக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் பட்டனை அழுத்துவதற்கு முன் கேட்கிறேன்.

"மாமா, கை எங்க இருக்கு?"

உடனே பதில் வராது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குனிந்து தன் கையைக் கண்ணால் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

"வெளியதான் இருக்கு. அறு."